வேலியோரப் பரண்

மான் வேட்டைக்குப் பரண் சாய்க்க மரம் தேடுகிறவன் மான் தடத்தைப் பார்த்துத் தேடுவான். என் தம்பி எல்ராய் லெம்கே, எங்கள் அண்ணன் வெண்டல் உட்காரும் இடத்தைப் பார்த்துத் தேடினான். அவன் கதை இவ்வளவுதான். ஆனால் இவ்வளவுதான் என்று சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனசு ஆறவில்லை.

எல்ராய் சீஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். உப்புத் தண்ணீரில் கட்டிகளைப் புரட்டிப் புரட்டி அவன் விரல்களெல்லாம் வெடித்திருக்கும். சர்ச்சில் உட்காரச் சொன்னால் பிரசங்கம் தொடங்குவதற்குள் நெளிவான். சினிமாவில் பாதியிலேயே எழுந்து வெளியே போய்ப் புகை பிடிப்பான். பரண்மேல் ஏறிவிட்டால் மட்டும் இருட்டு விலகுவதிலிருந்து மத்தியானம்வரை இமை ஒன்றுதான் அசையும். அவன் பெண்டாட்டி டோனா, "நவம்பர்ல நீ எனக்குப் புருஷன் இல்ல, அந்த மரத்துக்குப் புருஷன்" என்று சொல்லிச் சிரிப்பாள். போகப்போகச் சிரிக்காமல் சொன்னாள். பிறகு ஒரு நவம்பரில் போயேவிட்டாள். அவள் போனதையே அவன் வேட்டைச் சீசன் முடிந்துதான் கவனித்தான் என்று ஊரில் கதை கட்டினார்கள். பொய். அன்று சாயங்காலமே என் சமையலறைக்கு வந்து மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதான்.

அப்பா சாவதற்கு முன்னால் நிலத்தை இரண்டாகப் பிரித்தார். மேற்கு வெண்டலுக்கு, கிழக்கு எல்ராய்க்கு, எனக்கு ஒரு ஃப்ரீசர். பெண்பிள்ளைக்கு நிலம் எதற்கு? அண்ணனும் தம்பியும் அடித்துக் கொண்டுவருகிற மானை வைக்க ஒரு பெட்டி போதாதா? சதுப்பிலிருந்து ஓக் மேட்டுக்கு மான்கள் ஏறுகிற இடுக்கு ஒன்று உண்டு. அப்பா போட்ட கோடு நேராக அதன் நடுவில் போயிற்று. பிள்ளைகள் ஒற்றுமையாக வேட்டையாடட்டும் என்று நினைத்திருப்பார். ஒரே எலும்பை இரண்டு நாய்க்குப் போட்டுவிட்டு ஒற்றுமையாகக் கடியுங்கள் என்று சொன்ன மாதிரிதான்.

சில வருஷம் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள், அதையும் சொல்லவேண்டும். பரண் ஏற்றுவது இரண்டு பேர் வேலை. ஒருவன் ஏணியின் அடியைப் பிடித்துக்கொள்ள, மற்றவன் ஏறி மரத்தோடு கட்டுவான். குறி தவறினவனுடைய சட்டை வாலை, அதாவது பின்பக்கத் தொங்கலை, கத்தரித்துச் சுவரில் ஆணியடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெண்டலின் சட்டைகளில் பாதி வாலில்லாதவை.

பிறகு அந்தப் பெரிய கொம்பன் மான் வந்தது. எல்ராய் சுட்டான். அது வயிற்றில் குண்டோடு கோட்டைத் தாண்டி ஓடியது. வெண்டல் அந்தப் பக்கம் தோளில் சுட்டு விழவைத்தான். முதல் ரத்தம் யார் குண்டில் வந்ததோ மான் அவனுடையது என்று எங்கள் ஊரில் ஒரு வழக்கம். விழவைத்தவனுக்கே மான் என்று இன்னொரு வழக்கம். எது சரியான வழக்கம் என்பது அவரவர் சுட்ட குண்டைப் பொறுத்தது.

"வெண்டல், அது என் மான்."

"உன் மானா இருந்தா உன் நிலத்துல விழுந்திருக்கும்."

"என் குண்டு உள்ள இருக்கு!"

"எடுத்துக்கோ. குண்டை மட்டும்."

மானைக் கேட்டிருந்தால் இரண்டுமே வலித்தது என்று சொல்லியிருக்கும். வெண்டல் அதன்மேல் தன் உரிமச் சீட்டைக் கட்டினான், தலையைப் பாடம் பண்ணி வரவேற்பறையில் மாட்டினான். எல்ராய் அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வெண்டல் கோட்டின் நெடுக முள்கம்பி இழுத்தான், அத்துமீறி நுழையக் கூடாது என்று பலகை அடித்தான். எல்ராயும் சளைத்தவன் இல்லை. வெண்டலின் தொப்பி காற்றில் பறந்து வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்து, அவன் தாண்டி வந்து எடுத்ததற்கு வனக்காவலரைக் கூப்பிட்டு அபராதம் போடவைத்தான். ஒரு தொப்பிக்கு!

அடுத்த இலையுதிர் காலத்தில் எல்ராய் புதிதாக ஓர் ஏணிப் பரண் வாங்கினான். இரும்பு ஏணி, உச்சியில் ஒருத்தர் உட்காரும் இருக்கை, துப்பாக்கியைச் சாய்க்க முன்னால் ஒரு கம்பி. ஏணியை மரத்தில் சாய்த்து நைலான் பட்டையால் இறுக்கிக் கட்டவேண்டும். அடியைப் பிடிக்க அண்ணன் இல்லாததால் அக்காவான என்னைக் கூப்பிட்டான். வேலியோரம் நின்ற ஒரு மெலிந்த மரத்தைக் காட்டினான்.

"டேய், இது சாயுதுடா. தண்டும் ஒல்லி. அந்த ஓக்கைப் பாரு, நேரா நிக்குது. கட்டிப் பிடிச்சா கைக்கு அடங்குது. மான் தடமும் அங்கதான் இருக்கு."

"அங்கருந்து பாத்தா அவன் தெரிய மாட்டான்."

"நீ மானைச் சுடப் போறியா, அண்ணனைப் பாக்கப் போறியா?"

"விடிஞ்சதும் அவன் கண்ணுல முதல்ல என் மூஞ்சிதான் படணும், பெவ்."

"அதுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடேன். செலவு கம்மி."

விழுந்து விழுந்து சிரித்தான். மரத்தை மட்டும் மாற்றவில்லை. பரணோடு வந்த, விழாமலிருக்க உடம்பை மரத்தோடு கட்டும் பாதுகாப்புக் கச்சையைப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வண்டியில் எறிந்தான். அது தொட்டில் பிள்ளைகளுக்கு என்றான்.

வெண்டல் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? எதிரே ஒரு பரண் சாய்த்தான், கொஞ்சம் உயரமாக. எல்ராய் தன் ஏணிக்கு இன்னொரு துண்டு வாங்கிச் சேர்த்தான். வெண்டலும் சேர்த்தான். எவ்வளவு உயரத்திலிருந்து சுட்டாலும் கறி ஒரே ருசிதான் என்று சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேர் காதும் செவிடு. சீசன் திறக்கும் சனிக்கிழமை விடிகிறபோது, ஆரஞ்சு வேட்டை உடுப்பு போட்ட இரண்டு வளர்ந்த ஆண்கள் வேலிக்கு இருபுறமும் மரத்தில் தொற்றிக்கொண்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டிருப்பார்கள். எந்த மான் வரும்? என் ஃப்ரீசரில் உறைந்த பட்டாணிதான் கிடந்தது.

தான் வரமுடியாத நாட்களுக்கு எல்ராய் ஒரு ஏற்பாடு செய்தான். பழைய வேட்டை உடுப்பு ஒன்றைச் சீசனுக்கு முன்னால் பல நாள் துவைக்காமல் போட்டுத் திரிந்து, பிறகு உள்ளே வைக்கோலைத் திணித்து, சோளக்கொல்லைப் பொம்மைபோல மரத்தடியில் உட்காரவைப்பான். மான் கண்ணுக்கு ஆரஞ்சு நிறம் உறைக்காது, ஆனால் மனுஷ வாடை அடித்தால் அந்தப் பக்கமே எட்டிப்பார்க்காது. எனக்கு இல்லாத மான் அவனுக்கும் வேண்டாம் என்பான். என் தம்பியின் மூளை கடைசியில் இந்த வேலைக்குத்தான் பயன்பட்டது.

பரணை வருஷா வருஷம் கழற்றி வைத்துவிட்டு, பட்டையைப் பார்த்து மறுபடி கட்டவேண்டும். வெயிலில் நைலான் உளுத்துப்போகும், அணில் கொறிக்கும், மரம் பருக்கும். அப்பா எங்களுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார். எல்ராய்க்கும் தெரியும்.

"கழட்டி வைடா, ஆகஸ்ட்ல நான் வந்து பிடிக்கிறேன்."

"கழட்டினா, நான் ஓடிட்டேன்னு அவன் ஊரெல்லாம் சொல்லுவான்."

"சொல்லட்டுமே."

"நீ சொல்லுவே. உனக்கு நிலமா இருக்கு?"

அந்தப் பேச்சுக்குப் பிறகு நான் பரணைப் பற்றி வாய் திறக்கவில்லை. பட்டை வெயிலிலும் பனியிலும் அங்கேயே கிடந்தது.

பிறகு ஒரு வருஷம், சீசன் திறந்த சனிக்கிழமை, நான் சமையல் பார்க்கும் பாரில் மத்தியானக் கூட்டம். மான் அடித்தவர்கள் வாசல் கம்பத்தில் தொங்கவிட்டு உள்ளே வருவார்கள். வெண்டலும் வந்தான். இடுக்கில் அப்படி ஒரு கொம்பனை அப்பா காலத்துக்குப் பிறகு யாரும் அடித்ததில்லை. எல்லாருக்கும் பிராந்தி வாங்கிக் கொடுத்தான்.

"உன் தம்பி எங்கய்யா? விட்டுக் குடுத்துட்டானா?" என்று யாரோ வாயைக் கிளறினார்கள்.

"அவன் வரல, பொம்மையை அனுப்பிட்டான். அதுவும் மரத்தடியில மல்லாந்து கெடக்குது. பரண் வேற கோணிக்கிட்டு நிக்குது. கட்டத் தெரியாதவன் கட்டினா அப்படித்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சில்லி என்கிற கறிக் குழம்பு ஊற்றிய கிண்ணத்தோடு நின்றுவிட்டேன். பொம்மை என் வீட்டுக் கராஜில் கிடந்தது. எலி கடித்து வைக்கோல் கொட்டுகிறது, தைத்துக் கொடு என்று எல்ராய் கொண்டுவந்து போட்டிருந்தான். நான் இன்னும் தைக்கவில்லை. காலையில் வேலைக்கு வரும்போது அவன் வண்டி கிழக்குப் பாதை முனையில் நிற்பதையும் பார்த்திருந்தேன்.

"வெண்டல், அது பொம்மை இல்ல."

"என்ன சொல்றே?"

"பொம்மை எங்கிட்ட இருக்கு."

சிரிப்பு ஒவ்வொருவரிடமாக அடங்கியது. வெண்டல் கையிலிருந்த கிளாஸை மேசைமேல் வைத்தான். நிதானமாக, சிந்தாமல் வைத்தான். நான் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது எல்ராய்க்கு உயிர் இருந்தது. இருட்டோடு ஏறி உட்கார்ந்து திரும்பினபோது பட்டை அறுந்து ஏணி பக்கவாட்டில் சரிந்திருக்கிறது. முதுகெலும்பு முறிந்து, விடிந்ததிலிருந்து பனித்தரையிலேயே கிடந்திருக்கிறான். ஆஸ்பத்திரியில் நுரையீரலிலும் சளி கட்டிக்கொண்டது. பேச முடிந்த ஒரே நாளில் நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன்.

"விடிஞ்சதும் வெண்டல் என்னைப் பாத்தான், பெவ். துப்பாக்கியைத் தூக்கி அது மேல இருக்கிற தொலைநோக்கில பாத்தான். கத்தலாம்னா மூச்சே வரல. கையைத் தூக்கினேன். துப்பாக்கியை இறக்கிட்டான். சரி, எறங்கி வர்றான்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வேற பக்கம் திரும்பிச் சுட்டான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நல்ல கொம்பனா?"

"ஆமாடா."

"கொம்புல எத்தனை கிளை?"

நான் எண்ணவில்லை என்றேன். வாசலில் தொங்கினதை யார் எண்ணிக்கொண்டிருந்தார்கள்? முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். சீசன் முடிவதற்குள் செத்துப்போனான்.

சவப்பெட்டியின் முன் கைப்பிடியை வெண்டல்தான் பிடித்தான். ஊரே அவனுக்குத்தான் ஆறுதல் சொன்னது. பாவம், பொம்மை என்று நினைத்துவிட்டான், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள், குற்றம் அவனுடையது இல்லை என்றார்கள். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. ஒரு தம்பியைப் புதைத்துவிட்டு வந்தவளுக்கு மிச்சமிருக்கிற அண்ணனாவது வேண்டும். வைக்கோல் என்றுதான் நினைத்தேன் என்று என் முகத்தைப் பார்த்து அவன் ஒரு தடவை சொன்னால் போதும், எல்ராய் சொன்னதை என்னோடு கொண்டுபோய்விடலாம் என்று இருந்தேன்.

மறுவாரம் வெண்டல் என் சமையலறைக்கு வந்தான். காப்பி கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அவன் ஏதாவது சொன்னானா, பெவ்?"

"கையைத் தூக்கினேன்னு சொன்னான்."

மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விட்டான். "நாடகம் ஆடறான்னு நெனச்சேன். என்னை வேலி தாண்ட வச்சு, மறுபடி காவலரைக் கூப்பிடப் பாக்கறான்னு."

"அப்ப பொம்மை இல்லன்னு உனக்குத் தெரியும்."

காப்பிக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"அவன் நாடகமே ஆடட்டும். வேலிகிட்ட வந்து நின்னு, டேய் என்னடான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? அதுக்கு யார் அபராதம் போடப் போறாங்க?"

"கேட்டிருக்கலாம்."

"ஏன் கேக்கல?"

என்னைப் பார்த்தான். அறுபது வயதை நெருங்குகிற மனுஷன், கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் பொய் சொல்லவில்லை.

"மான் வந்துக்கிட்டு இருந்துச்சு, பெவ்."

எழுந்து போ என்றேன். போனான். இரண்டு பேரும் சேர்ந்து எனக்கென்று ஒருத்தரையும் மிச்சம் வைக்கவில்லை.