காகித ஆலைக் கழிவும் ஒரு கிளாஸ் தண்ணீரும்

முதல் லோடு வந்து இறங்கிய அன்று எங்கள் வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "எந்தா மேடம், உள்ள ஏதாவது செத்துக் கிடக்குதா?"

"இல்ல அண்ணா, ஆராய்ச்சி தொடங்கியாச்சு" என்றேன்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் கான்ட்ராக்ட் புராஜெக்ட் அசிஸ்டென்டாக இருந்தேன். காகித ஆலை வெளியே தள்ளும் சேற்றிலிருந்து, தண்ணீரின் நிறத்தையும் அழுக்கையும் உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் தயாரிப்பதுதான் புராஜெக்ட். தடுக்கி விழுந்தால் தேங்காய்ச் சிரட்டை கிடைக்கும் ஊர் இது. சிரட்டையிலேயே அருமையான கார்பன் வரும். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் ஆராய்ச்சிக்கு உதவாது. எனவே லாரி வைத்து வெளியூரிலிருந்து சேறு கொண்டுவந்தோம்.

சேற்றை உலர்த்தி, ஜிங்க் குளோரைடு கரைசலில் ஊறவைத்து, காற்றுப் படாமல் ஃபர்னஸில் சுட்டு, ஆசிட்டிலும் தண்ணீரிலும் கழுவினால் கார்பன் தயார். வலியசாலைக்கு வீடு திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட் எப்போதும் காலியாக இருந்தது. இந்த வேலையில் எனக்குக் கிடைத்த ஒரே சலுகை அது.

ஒருநாள் ஆலையின் மேனேஜர் பார்வையிட வந்தார். தமிழ்நாட்டுக்காரர். எங்கள் தலைமை விஞ்ஞானி டாக்டர் ஸ்ரீகுமார் அன்று டை கட்டியிருந்தார். என் கான்ட்ராக்ட்டை நீட்டிக்கும் ஃபைல் அவர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. வீட்டில் வருமானம் என் சம்பளம் மட்டும்தான்.

ஆலைக் கழிவுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் இருந்தது. கார்பன் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றினேன். கீழே தெளிவாகச் சொட்டியது. எனக்கே பெருமையாக இருந்தது. டாக்டர் அதை ஒரு கிளாஸில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"கண்டோ சார்! இது இப்போ குடிக்கான் கூட கொள்ளாம்!"

மேனேஜர் சிரிக்கவில்லை. "அப்படியா? அப்ப ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க டாக்டர்."

டாக்டர் கிளாஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது முழுக்க நம்ம மீனாட்சியோட வொர்க் ஆணு. கிரெடிட் அவங்களுக்குத்தான். மீனாட்சி, நீங்க குடிச்சோளூ."

அதுவரை எந்தக் கட்டுரையிலும் என் பெயரைப் போட அவருக்கு இடம் கிடைத்ததில்லை.

அந்தத் தண்ணீரில் ஜிங்க் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நாங்கள் அளக்கவே இல்லை. அளக்கும் கருவி பழுதாகி, சரஸ்வதி பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு மூலையில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

அவர் நீட்டிய கிளாஸை வாங்கினேன். இன்னொரு கிளாஸ் எடுத்து, பாதியை அதில் ஊற்றி டாக்டர் முன்னால் வைத்தேன்.

"நிறம் போயிருக்கு சார். அதை மட்டும்தான் அளந்தேன், ஜிங்க் பார்க்கல. குடிக்கணும்னா ரெண்டு பேரும் குடிப்போம். நீங்க சீனியர், முதல்ல நீங்க."

மேனேஜர் இரண்டு கிளாஸையும் எடுத்து சிங்க்கில் கொட்டினார். "வேண்டாம்மா. எங்க தண்ணியில என்னென்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். ஜிங்க் பார்த்துட்டுச் சொல்லுங்க, அப்புறம் பேசலாம்."

அவர் போனதும் டாக்டர் பொருமினார். "மேனேஜர் முன்னாடி அது பறயணுமா?"

"குடிச்சிருந்தா ஆஸ்பத்திரியில சொல்லியிருப்பேன் சார்."

ஃபைல் பல வாரம் அசையவில்லை. ஆலையிலிருந்து ஜிங்க் ரிசல்ட் கேட்டு போன் வரத் தொடங்கியதும், சேற்றில் கை வைக்க வேறு ஆள் இல்லை என்பது டாக்டருக்கு நினைவுக்கு வந்தது. கையெழுத்து விழுந்தது. கருவியும் பழுது பார்க்கப்பட்டது. ஜிங்க் குடிநீருக்கு ஆகாத அளவில் இருந்தது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அளந்ததைச் சொல்லுங்கள், அளக்காததை அளக்கவில்லை என்று சொல்லுங்கள். மேலதிகாரி திடீரென்று உங்களைப் பாராட்டினால், நன்றி சொல்வதற்கு முன் அவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.