மேல் விளிம்பில் மட்டும் பசை

பொறியியல் வரைபடங்களை ஸ்கேன் செய்து கணினிப் பதிவில் ஏற்றுவது என் வேலை. ஒவ்வொரு தாளும் விரித்தால் கட்டிலை மூடும். ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை சுருண்டு வந்து முகத்தில் அறையும். இதற்கென்றே அகலமான ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. தாளை உருளைகளுக்கு இடையே கொடுத்தால் இழுத்துப் பின்னால் துப்பும். நான் ஏற்றியதை, வேலை நடக்கும் இடத்தில் நிற்கும் பொறியாளர் கைபேசியிலேயே பார்த்துக்கொள்வார்.

எங்கள் பழைய வரைவாளர்களுக்கு ஒரு பழக்கம். குழாய்ப் பாதை மாறினால் முழுத் தாளையும் மறுபடி வரைய மாட்டார்கள். மாறிய இடத்தை மட்டும் ஒரு வெள்ளைத் துண்டில் வரைந்து, பழைய கோட்டின் மேல் ஒட்டிவிடுவார்கள். மேல் விளிம்பில் மட்டும்தான் பசை. தூக்கினால் பழையது, விட்டால் புதியது.

அன்று காலை, முந்தின நாள் ஏற்றிய கிளிஞ்சல்மேட்டுக் குடிநீர்க் குழாய் வரைபடத்தைச் சுருட்டி வைக்க எடுத்தேன். நடுவில் இருந்த துண்டு மேல்நோக்கி மடிந்து கிடந்தது. தாளைக் கீழ்விளிம்பு முன்னால் போகும்படி கொடுத்திருக்கிறேன். உருளை துண்டைத் தூக்கிவிட்டது. திரையில் பார்த்தேன். பழைய கோடுதான் பதிவாகியிருந்தது. அதன்படி குழாய் சாலைக்குக் கிழக்கே. உண்மையில் மேற்கே.

அதே சாலையில் அன்று வடிகாலுக்குத் தோண்டுகிறார்கள். “நீங்க ஏத்துனத பாத்துட்டேன் சார். குழாய் கிழக்கதானே இருக்கு, மேற்கால வெட்டிடுறோம்” என்று சொல்லிவிட்டுத்தான் பொறியாளர் அம்மா கிளம்பியிருந்தார். அந்த ஊருக்கு இருப்பது அந்த ஒரே குடிநீர்க் குழாய்.

கைபேசியை எடுத்து, “நிறுத்துங்க, குழாய் உடைஞ்சிரும்!” என்று கத்தினேன். “உடைஞ்சா பிளம்பரைக் கூப்பிடுங்க, எனக்கு ஏன் போன் பண்றீங்க?” என்றாள் மனைவி. பதற்றத்தில் எண்ணை மாற்றி அழுத்தியிருக்கிறேன். பொறியாளருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. இயந்திரச் சத்தத்தில் கேட்டிருக்காது. தாளை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஸ்கூட்டரில் பறந்தேன். ஒரு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கலாம். அந்த நிதானம் இருந்தால் நான் ஏன் நானாக இருக்கப்போகிறேன்?

போய்ச் சேர்ந்தபோது ஜேசிபியின் வாளி மண்ணுக்குள் இருந்தது. கைகளை விரித்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

“தள்ளுங்க சார்” என்றார் ஓட்டுநர். “சாவறதுன்னா வேற வண்டியப் பாருங்க.”

தாளைத் தரையில் விரித்தேன். கடல் காற்று சுருட்டித் தந்தது. குழாயடியில் வரிசையில் நின்ற பெண்கள் குடங்களைக் கொண்டுவந்து மூலைகளில் வைத்தார்கள். “இத உடைச்சுப்புட்டு லாரித் தண்ணி வரும்பீங்க. அது வர்றதுக்குள்ள எம்புள்ளைக்குக் கல்யாணமே ஆயிரும்” என்றார் அவர்களில் ஒருவர்.

பொறியாளர் குனிந்து துண்டைத் தூக்கினார், விட்டார், மறுபடி தூக்கினார்.

“இதை ஏன் சார் தூக்கி வச்சு ஸ்கேன் பண்ணுனீங்க?”

“நான் தூக்கல மேடம். மெஷின் தூக்குச்சு.”

“மெஷினுக்கு மெமோ குடுக்க முடியாது சார்.”

வாளியை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு, மண்வெட்டியால் மெதுவாகத் தோண்டச் சொன்னார். வாளிப்பல் பதிந்த தடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குழாயின் முதுகு தெரிந்தது. கீறல் இல்லை. நான் அங்கேயே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டேன். குடத்துக்காரப் பெண் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தார், அதே குழாய்த் தண்ணீர்.

வடிகாலைக் கிழக்கே மாற்றினார்கள். பொறியாளர் ஒன்றே ஒன்று கேட்டார்: “மத்த ஊரெல்லாம் எப்படி ஏத்தியிருக்கீங்க?”

“தெரியல மேடம்.”

“தெரியுற வரைக்கும் எந்த ஊர்லயும் ஜேசிபி இறங்காது.”

மதியம் அலுவலகத்தில் துண்டின் நான்கு பக்கமும் டேப் ஒட்டி மறுபடி ஸ்கேன் செய்து ஏற்றினேன். தப்பான படத்தை அழிக்க முடியாது. பதிவு விதி அப்படி. ‘செல்லாது’ என்ற குறிப்போடு, ஏற்றியவர் என்ற இடத்தில் என் பெயரோடு, அது அங்கேயே இருக்கும். பிறகு மற்ற ஊர்களின் தாள்சுருள்களை இறக்கினேன். பட்டினச்சேரித் தாளில் துண்டே இல்லை. மண்டபத்தூர்த் தாளில் ஒன்று இருந்தது, மடியாமல், ஒழுங்காக. திரையில் உள்ள படத்தோடு ஒப்பிட்டேன். சரியாகவே இருந்தது. இருந்தாலும் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, திரையில் தெரிந்த அந்தத் துண்டின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை நெம்பிப் பார்த்தேன்.