பொய் சொன்னால் உறையும் எண்ணெய்

டெக்சஸில் ஆகஸ்ட் மாதம் காரின் ஸ்டியரிங்கைத் தொட்டால் கை பொசுங்கும். அதே மாதத்தில் எங்கள் பிளானோ வீட்டுக்குள் தேங்காய் எண்ணெய் வெண்ணெய் மாதிரி உறைந்து கிடக்கும். காரணம் அப்பா. சென்னை வெயிலில் இருபத்தைந்து வருஷம் வெந்ததற்கு ஏசியை வைத்துப் பழிவாங்கிக்கொண்டிருந்தார். அவர் எழுபது டிகிரி ஃபாரன்ஹீட்டில், நம்மூர்க் கணக்கில் இருபத்தொன்றில், வைப்பார். அம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து எழுபத்தெட்டுக்கு ஏற்றுவார். இருவரும் இதற்காகச் சண்டை போட்டதே இல்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்து மாற்றிவிட்டுப் போவார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் தம்பி எங்கள் வீட்டு மாடியறையில் தங்கி, பக்கத்து ஊரான ரிச்சர்ட்சனில் ஒரு ஆபீஸுக்குப் போய்வந்துகொண்டிருந்தார். நான் அன்று பல் தேய்க்காமலே தேய்த்ததாகச் சொல்லியிருந்தேன். மாமா உறைந்த எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

"பாத்தியா மாப்ள? வீட்ல யாராச்சும் பொய் சொன்னா இது பயந்து வெளுத்துடும்."

"மாமா, ஆயில் கான்ட் ஹியர்."

"காது எதுக்குடா? தினம் உன் தலைமேல ஏறி உக்காருது. உள்ள என்ன ஓடுதுன்னு அதுக்குத் தெரியாதா?"

பல் தேய்க்காததில் ஆரம்பித்து, தமிழ்ப் பள்ளி வீட்டுப்பாடத்தை ரீசைக்கிள் தொட்டியில் போட்டதுவரை எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஐபேட் ஒரு மாதத்துக்குப் பீரோவுக்குள் போனது. அதன்பிறகு தினமும் காலையில் பாட்டிலைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன். அப்பா ஜெயித்த நாட்களில் நான் பொய்யன். அம்மா ஜெயித்த நாட்களில் யோக்கியன்.

உண்மையை நான் கண்டுபிடித்தது படித்து அல்ல. படிப்புக்கும் எனக்கும் எப்போதும் ஆகாது. காலேஜே இரண்டு செமஸ்டரில் என்னை விட்டு ஓடிவிட்டது. ஒரு சனிக்கிழமை, வெளுத்திருந்த பாட்டிலை யாரும் பார்க்கக்கூடாது என்று வீட்டின் பின்பக்கம் வெயிலில் ஒளித்துவைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் தெளிந்து, வெள்ளைக்கட்டி அடியில் போய் உட்கார்ந்தது. ஐஸ் தண்ணீரில் மிதக்கும். இது முழுகிக் கிடந்தது. பிறகு அதுவும் காணாமல் போயிற்று. நான் எந்தப் பாவத்தையும் அறிக்கையிடவில்லை, எண்ணெய் மட்டும் என்னை மன்னித்துவிட்டது. ஆக, எண்ணெய்க்குப் பொய்யும் தெரியாது, மெய்யும் தெரியாது. சூடு மட்டும்தான் தெரியும்.

மாமாவை அதே எண்ணெயில் பிடிக்கவேண்டும் என்று அன்றே முடிவுசெய்தேன்.

அப்போது எனக்குத் தெரியாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் மாமாவுக்கு வேலை போயிருந்தது. அறுபது நாளைக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசா போய்விடும், மூட்டை கட்டவேண்டியதுதான். ஊரில் அவருக்குப் பெண் பார்த்து நிச்சயமும் ஆகியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் தினமும் இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பி, லைப்ரரியில் உட்கார்ந்து அப்ளை பண்ணிவிட்டு, ஆறு மணிக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் எனக்கு தினம் ஒரு புது காமிக்ஸ் கிடைத்தது. மாமாவுக்கு என்மேல் பாசம் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் ஸ்கூல் விட்டு வந்ததும் பாட்டிலை ஃப்ரிட்ஜில், தயிர் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அதை எடுத்துப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு வந்தேன்.

அம்மா மாமாவின் தட்டில் தோசையைப் போட்டபடியே கேட்டார். "பொண்ணு வீட்ல போன் பண்ணாங்கடா. டிசம்பர்ல மண்டபம் இருக்காம், நாளைக்குச் சொல்லணுமாம். மேனேஜர்கிட்ட லீவு கேட்டியா இல்லியா?"

"கேட்டேன்கா. பாத்துக்கலாம்னாரு."

நான் இதற்குத்தான் காத்திருந்தேன். ஓடிப்போய்ப் பாட்டிலைத் தூக்கிவந்தேன். சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"சம்படி இஸ் லையிங்! மாமா இஸ் லையிங்!"

அப்பா சிரித்தார். "ஏசியை எழுபதுல வச்சது நான்தான்டா."

"இல்லியே, மத்தியானமே எழுபத்தெட்டுக்கு மாத்திட்டேனே," என்றார் அம்மா. சொன்ன பிறகுதான், தானே மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது.

மாமா கையை நீட்டினார். "குடு இப்படி." வாங்கியதும் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பாட்டிலைச் சட்டை நுனியால் சுற்றிலும் துடைத்து, மேசை நடுவில் வைத்தார்.

"பையன் சொல்றது கரெக்ட்தான்கா. வேலை போய் இருபத்திரண்டு நாளாச்சு."

தோசைக்கல்லில் எதுவோ கருகியது. அம்மா திட்ட ஆரம்பித்தார்: என்னை என்ன அந்நியமாவா நினைச்சே, இஸ்திரி வேற போட்டுக் குடுத்தேனே, தினமும் எங்கேதான்டா சாப்ட்டே. திட்டிக்கொண்டே இன்னும் இரண்டு தோசை போட்டார். அப்பா சாப்பிட்ட கையோடு, "ரெசுமேவை எனக்கு அனுப்புப்பா, எங்க ஆபீஸ்ல ரெண்டு பேர் ஆள் தேடறாங்க," என்றார். மாமா அன்று ஏழு தோசை சாப்பிட்டார். நான் எண்ணினேன்.

பெண் வீட்டுக்கு அம்மாவே போன் போட்டு உள்ளதைச் சொன்னார். டிசம்பர் கல்யாணம் சித்திரைக்குத் தள்ளிப்போனது, அவ்வளவுதான். அறுபதாவது நாளுக்குக் கொஞ்சம் முன்னால் மாமாவுக்கு வேலை கிடைத்தது. இப்போது அத்தையும் அவரும் கலிபோர்னியாவில், சான் ரமோனில் இருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒரே பெருமை. பெரிய ஆள் ஒருவரை ஃப்ரிட்ஜில் வைத்தே பிடித்துவிட்டேன். என்னைவிட ஏமாளி மாமாதான் என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஐபேடையும் கேட்டு வாங்கிவிட்டேன். அன்று நான் தூக்கிவந்தபோது அந்தப் பாட்டில் கையில் பிடிக்க முடியாதபடி சில்லென்று, வெளியெல்லாம் வியர்த்து, சொட்டிக்கொண்டிருந்தது. மாமா அதில் ஒட்டியிருந்த பிசுக்கைத்தான் துடைக்கிறார் என்று நினைத்தேன். அது ஃப்ரிட்ஜ் ஈரம் என்று தொட்டதுமே அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.