ஹாலவெல் குடும்பமும் கல்வெட்டுப் புத்தகமும்

1. எரிந்த நீதிமன்றம்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிற்றூர் நீதிமன்றம் தீப்பிடித்து எரிந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, அதன் காரணமாகப் பாரிஸில் எங்கள் அலுவலகத்தில் வேலை நின்றது. அது 2012ஆம் ஆண்டு.

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் இருந்த சிறிய அலுவலகம் அது. குடும்பங்களின் வம்சவரலாற்றைத் தேடிக் கொடுப்பதே எங்கள் தொழில். யார் யாருக்குப் பிள்ளை, எங்கே பிறந்தார், எங்கே செத்தார் என்பதை ஆவணங்களைக் கொண்டு நிறுவுவோம். யாழ்ப்பாணத்தில் வரலாறு படித்துப் பட்டம் பெற்ற எனக்குப் பாரிஸில் கிடைத்த மூன்றாவது வேலை. முதல் இரண்டும் உணவகங்களில் பாத்திரம் கழுவுவது. ஆங்கிலம் சரளமாக வாசிப்பவன் நான் ஒருவனே என்பதால் அமெரிக்கக் குடும்பங்கள் எல்லாம் என் மேசைக்கு வந்து சேரும்.

அப்படி வந்தவர் பாரிஸில் வாழ்ந்த மதாம் ஹாலவெல். அவருடைய முன்னோர் எலியாஸ் ஹாலவெல் மாட்டு வண்டியில் மேற்கே போய், அரசாங்கம் கொடுத்த புல்வெளியை உழுது, புற்கட்டியால் வீடு கட்டி வாழ்ந்த முன்னோடி விவசாயி. குடும்ப ஒன்றுகூடலில் கொடுக்க வம்சவரலாற்றுப் புத்தகம் ஒன்று வேண்டும் என்றார். ஒரே ஒரு கண்ணி அறுந்திருந்தது. மதாமின் பூட்டன் சாமுவேல், எலியாஸின் மகன்தான் என்பதற்குப் பதிவு இல்லை. அது அந்த நீதிமன்றத்தோடு எரிந்துபோயிருந்தது.

நான் கையை விரித்தேன். எங்கள் பத்ரோன், அதாவது முதலாளி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்: “பதிவு எரிந்தால் உறவும் எரிந்துவிடுமா?”

அழகான கேள்வி. நான் அதை மறக்கவில்லை. பின்னால் அதை அவருக்கே திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

அவருடைய முறை இதுதான்: முதல்தர ஆவணம் இல்லையென்றால், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டாம்தர ஆதாரங்கள் மூன்று போதும். தேடினேன், கிடைத்தன. காணிக்கு உறுதிப்பத்திரம் பெறுவதற்காக அயலவர் இருவர் கொடுத்த சத்தியக் கூற்று முதலாவது. எலியாஸ் மனைவியோடும் மகன் சாமுவேலோடும் அங்கே வாழ்ந்து பயிரிட்டார் என்று இருவரும் சொல்லியிருந்தார்கள். இருவரும் சொன்னது ஒரே வசனம். எழுதுவினைஞர் ஒருவரே அச்சடித்த தாளில் நிரப்பியிருந்தார். ஓர் அயலவருக்குக் கையெழுத்துத் தெரியாது, பெருக்கல் குறி போட்டிருந்தார். இரண்டாவது, புற்கட்டி வீட்டுக்கு முன்னால் குடும்பம் பசுமாட்டோடு நிற்கும் படம். படத்தில் ஒருவருடைய பெயரும் இல்லை. மாட்டின் கயிற்றைப் பிடித்திருந்த பையனைச் சாமுவேல் என்று பத்ரோன் தீர்மானித்தார். மூன்றாவது, எலியாஸ் இறந்தபோது ஊர்ப் பத்திரிகை போட்ட மரணச் செய்தி. பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருந்தன.

புத்தகம் தோல் அட்டையோடு அச்சாகியது. மதாம் ஷாம்பெய்ன் கொண்டுவந்தார். வெறும் நிலத்தில் குடியேறி அதை விளைநிலமாக்கியவர்கள் தங்கள் ஆட்கள் என்று கண்கலங்கிச் சொன்னார். அந்த நிலத்தில் அதற்கு முன்பே வாழ்ந்தவர்களின் வம்சவரலாற்றை எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஷாம்பெய்ன் குடித்தேன்.

2. நல்ல வசனம்

மதியச் சாப்பாட்டுக்கு நான் ரூ லூயி-பிளாங்கில் ஒரு தமிழ் உணவகத்துக்குப் போவது வழக்கம். அங்கே சமையல் வேலை செய்தவர் சிவராசா, வன்னியில் கமம் செய்தவர். அவருடைய பாட்டன் காடு வெட்டி, குளத்து நீரை வாய்க்கால் வழியே கொண்டுவந்து வயலாக்கிய குடியேற்றக்காரர். அவரை ஒருவரும் முன்னோடி என்று அழைத்ததில்லை, தோல் அட்டையும் போடவில்லை.

இறுதி யுத்தத்தில் சிவராசாவின் மனைவி ஷெல் விழுந்து இறந்தார். மகள் கயல்விழி வவுனியாவில் சிவராசாவின் தங்கையிடம் வளர்ந்தாள். இவருக்கு இங்கே அகதி அந்தஸ்து கிடைத்ததும், சட்டப்படி மகளைத் தன்னிடம் வரவழைப்பதற்கு விண்ணப்பித்திருந்தார். ஒருநாள் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஒரு கடிதத்தை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“அண்ணை, இதிலை என்ன எழுதிக் கிடக்கு? கயல் என்ர பிள்ளை இல்லையாமோ?”

“அப்பிடி எழுதேல்லை. உம்மட பிள்ளை எண்டு நீர் நிரூபிக்கேல்லையாம்.”

“ரெண்டும் ஒண்டுதானே அண்ணை.”

நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கடிதத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன்.

விசா அலுவலகம் சொன்ன காரணங்கள் இரண்டு. பிறப்புப் பதிவு, பிள்ளை பிறந்து பல வருடங்களுக்குப் பிறகு செய்யப்பட்டது, எனவே சந்தேகத்துக்குரியது. முதற்பதிவு இருந்த அலுவலகம் யுத்தத்தில் அழிந்ததால்தான் மீண்டும் பதிய வேண்டி வந்தது என்பது அவர்கள் காதில் ஏறவில்லை. அடுத்தது, சாட்சிக் கடிதங்கள் எல்லாம் ஒரே வாசகத்தில் இருந்தன. எனவே அவற்றுக்கு மதிப்பில்லை.

இரண்டாவது காரணத்தின் பிறப்பிடம் எனக்குத் தெரியும். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் டெலிபோன் கடை வைத்திருந்த ஒருவர் பக்கவேலையாகக் கடிதங்கள் தட்டச்சு செய்து கொடுப்பார். பெயரை மட்டும் மாற்றுவார். நேரே போய்க் கேட்டேன்.

“அது நல்ல வசனம் அண்ணை. எத்தினை பேருக்குச் சரிவந்த வசனம். ஏன் மாத்துவான்?”

“எல்லாச் சாட்சியும் ஒரே வாயாலை கதைக்குமோ?”

“உண்மை ஒண்டுதானே, வசனமும் ஒண்டாய்த்தானே இருக்கும்?”

அவரோடு கோபித்துக்கொண்டு வெளியே வந்தேன். மெட்ரோ பாலத்துக்குக் கீழே வரும்போதுதான் நெப்ராஸ்காவின் அயலவர் இருவரும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் ஒரே வசனத்தில்தான் சத்தியம் செய்தார்கள். ஒருவர் பெருக்கல் குறி போட்டார். நாங்கள் அதைத் தோல் அட்டைக்குள் வைத்தோம். அதற்குப் பிறகு என் கோபம் டெலிபோன் கடைக்காரர் மேல் நிற்கவில்லை.

3. பிரிஜ்ஜுக்கு மேலே

பதிவு இல்லாத இடத்தில், தகப்பனும் பிள்ளையுமாக வாழ்ந்ததை வேறு வழிகளில் காட்டலாம் என்று பிரெஞ்சுச் சட்டம் சொல்கிறது. அலுவலகங்கள் இதைத் தாமாகச் சொல்வதில்லை. மேன்முறையீட்டுக்காகச் சிவராசாவின் தொசியேயை, அந்தக் கோப்பை, என் வீட்டு மேசையில் பரப்பினேன். இறுதி யுத்தத்துக்கு முந்திய கடதாசி ஒன்றுகூட அதில் இல்லை. படங்கள் எல்லாம் ஷெல்லுக்குப் பதுங்கிய பங்கருக்குள் புதைந்துபோய்விட்டன என்றார் சிவராசா.

தொழில் பழக்கத்தில் அடுத்த கேள்வி வந்தது: பிள்ளை பிறந்த பிறகு, இறுதி யுத்தத்துக்கு முன்னர், குடும்பத்தில் யாராவது இறந்தார்களா?

“ஓம், மனிசியின்ரை தகப்பன், மாமா. கயலுக்கு ஒரு வயசும் ஆகேல்லை. சண்டை நிண்ட சமாதான காலம்.”

“கல்வெட்டு அடிச்சதோ?”

“அடிக்காமல் விடுவினமே?”

எங்களவரில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள், அவருடைய படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், வம்சாவளி எல்லாம் சேர்த்து அச்சடித்துக் கொடுக்கும் சிறு புத்தகத்துக்குத்தான் கல்வெட்டு என்று பெயர். மகன், மகள், மருமகன், பேரப்பிள்ளை என்று ஒருவர் விடாமல் பெயர் போடுவார்கள். ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் பிறகு கதைக்காது. உலகத்தில் இதைவிடக் கறாரான வம்சவரலாற்று ஆவணத்தை நான் கண்டதில்லை.

“எங்கை அது இப்ப?”

“இஞ்சைதான். மாமாவின்ரை தம்பியார் பாரிஸிலை இருக்கிறார், அவருக்கு அப்பவே அனுப்பினவை. அவர் எனக்குத் தந்தவர். வீட்டிலை பிரிஜ்ஜுக்கு மேலை ஒரு பையிலை கிடக்கு.”

“பிறகேன் காணும் தொசியேக்குள்ளை வைக்கேல்லை?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “பிள்ளை வாற பேப்பருக்குள்ளை செத்தவீட்டுப் புத்தகத்தை வைக்கிறதோ அண்ணை? தாயும் இல்லாத பிள்ளை.”

மறுநாள் கொண்டுவந்தார். கிளிநொச்சியில் அச்சடித்தது, அச்சகமும் ஆண்டும் பின்னட்டையில். வம்சாவளியில் மகள், மருமகன் சிவராசா, அவர்களுக்குக் கீழே பேத்தி கயல்விழி. நடுப்பக்கத்தில் செத்தவீட்டுப் படம். பெட்டியைச் சுற்றிப் பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்து நிற்கிறார்கள். கடைசியில் சிவராசா, கையில் கைக்குழந்தை. குழந்தையின் விரல்களைப் பந்தத்தோடு சேர்த்துப் பொத்திப் பிடித்திருக்கிறார். மாட்டுக் கயிற்றைப் பிடித்த பையனைவிட இது தெளிவானது. பந்தம் பிடிப்பது பேரப்பிள்ளையின் உரிமை, அயல்வீட்டுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்கமாட்டார்கள்.

4. அது ஹாலவெல்

பத்ரோனிடம் போனேன். இந்த ஆதாரங்களை எங்கள் தொழில்முறைப்படி மதிப்பிட்டு, அலுவலகத் தாளில் ஒரு பக்கம் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மிகச் சுவாரசியமானது என்றார். ஆனால் இது குடியேற்ற விவகாரம், நாங்கள் செய்வது வம்சவரலாறு என்றார்.

“பதிவு எரிந்தால் உறவும் எரிந்துவிடுமா என்று நீங்கள்தான் கேட்டீர்கள்” என்றேன்.

“அது ஹாலவெல்” என்றார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். எத்தனையோ வருட வேலையில் அவர் என்னிடம் சொன்ன மிக நேர்மையான வசனம் அதுதான்.

விடுமுறை எடுத்து நானே எழுதினேன். ஹாலவெல் தொசியேயின் அதே வரிசை, அதே தலைப்புகள்: அழிந்த பதிவு, அயலவர் சாட்சியம், படம், மரண அறிவித்தல். இம்முறை சாட்சிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து, அவரவர் கண்டதை அவரவர் வாயால் சொல்லவைத்தேன். பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் கல்வெட்டை மொழிபெயர்த்தார். எங்கள் அவோக்கா, இளம் பெண் வழக்கறிஞர், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கைக்குழந்தையைப் பிணத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோவது சரியா என்று கேட்டார். அதையும் விளக்கி ஒரு பந்தி எழுதினேன்.

மேன்முறையீட்டுக் குழு பதிலே போடவில்லை. சட்டத்தில் மௌனம் என்றால் மறுப்பு. மௌனத்துக்கு எதிராக நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனோம். நீதிபதி கல்வெட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, விசா மறுப்பை ரத்துச் செய்தார். விசாவும் வந்தது. தகப்பனின் கையில் பந்தம் பிடித்த பிள்ளை பத்து வயதில் விமானத்தால் இறங்கினாள். இடையில் போன வருடங்களை ரத்துச் செய்ய ஒரு நீதிமன்றமும் இல்லை.

5. வீட்டுப்பாடம்

தொசியே தயாரிக்கும் இளையவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். நல்ல காரியம் என்று செத்தவர்களை வெளியே நிறுத்தாதீர்கள். இந்த நாட்டில் உயிரோடு இருப்பவர் சொன்னால் நம்பமாட்டார்கள். செத்தவர் சொன்னால் யோசிப்பார்கள். அலுவலகம் கேட்கும் ஆவணம் இல்லையென்றால் அடுத்த கேள்வியை நீங்களே கேளுங்கள். மறுக்கப்பட்டால் எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள்.

கயல்விழி வந்த அடுத்த வருடம், பாடசாலையில் வம்ச மரம் வரையச் சொன்னார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பெயர், முடிந்தால் படம். சிவராசா கல்வெட்டைப் பிரிஜ்ஜின் மேலிருந்து இறக்கி, மகளையும் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். செத்தவீட்டுப் படத்தில் சிவராசாவுக்குப் பின்னால் மனைவி நின்றிருந்தார். அவருடைய படம் வேறு எங்கும் இல்லை. போட்டோக்கொப்பி எடுத்துப் பெரிதாக்கினோம்.

“அம்மா பாதிதான் இருக்கிறா” என்றாள் கயல்விழி.

“மற்றப் பாதியை அப்பா மறைச்சுப்போட்டன்” என்றார் சிவராசா.

அவள் அந்தப் பாதியை வெட்டி, பெட்டிக்குள் கவனமாக ஒட்டினாள். மரம் மறுவாரம் திரும்பி வந்தது. ஆசிரியை மேலே ‘மிக நன்று’ என்று எழுதியிருந்தார். ஆதாரம் எதுவும் கேட்கவில்லை.