அறையை அளந்த நாள்

கட்டடக்கலை படிக்க என்ன வேண்டும் என்று தோட்டத்துப் பிள்ளைகள் இப்போது என்னைக் கேட்கிறார்கள். பல்கலைக்கழகம் போக உயர்தரப் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்ட வேண்டும். அதற்கு மேல் உளச்சார்புப் பரீட்சை என்று ஒன்று உண்டு. வரைந்து காட்ட வேண்டும். அதில் தேறாவிட்டால் எவ்வளவு புள்ளி இருந்தும் பிரயோசனமில்லை. இவ்வளவுதான் சொல்வேன். மீதியைச் சொல்வதில்லை.

முதல் தடவை நான் தேறவில்லை. சாப்பாட்டு நேரத்தில் உங்கள் வீட்டின் உட்புறத்தை வரையுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு ஓர் அறை, பின்னால் அடுப்படி. கொழும்புக்காரர்களுக்கு அதை எவள் காட்டுவாள்? தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவை வரைந்தேன். மேசை, ஆறு நாற்காலி, பூச்சாடி. அந்தப் பங்களாவுக்குள் நான் கால் வைத்ததே இல்லை. ஆட்களை மட்டும் விட்டுவிட்டேன். மேசையில் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவார்கள் என்று தெரியாது. ஏன் தேறவில்லை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மறு வருடம் உயர்தரத்தைத் திரும்ப எழுதினேன். வரைந்து பழக இந்த முறை எங்கள் அறையையே அளந்தேன். அளவு நாடாவின் மறுமுனையை அம்மா பிடித்தாள்.

"எதுக்குடி அளக்குற? தொர புது வீடு கட்டித் தரப் போறாரா?"

பத்தடிக்குப் பன்னிரண்டடி. நான் படிக்கும் மேசை, அலுமாரி போக மிஞ்சிய இடத்தில் பாய்களை வரைந்தேன். அப்பா, தம்பிகள் இருவர், நான். ஐந்தாவது பாய்க்கு இடம் வரவில்லை. திரும்பவும் அளந்தேன். அளவு சரியாகத்தான் இருந்தது.

"அம்மா, நீ எங்கம்மா படுக்குற?"

"அடுப்புக்கிட்டதான். கால மடக்கிக்கிட்டா பத்தும்."

எங்களுக்குப் பிறகு படுத்து, எங்களுக்கு முன்னால் எழுந்துவிடுவாள். பத்தொன்பது வருடம் நான் அதைக் கேட்டதே இல்லை. வெட்கமாக இருந்தது.

அந்த வருடம், நீங்கள் வசிக்கும் இடத்தை வரையுங்கள் என்று கேள்வி வந்தது. அடுப்பையும் அதன் பக்கத்தில் கால் மடக்கிப் படுத்திருக்கும் அம்மாவையும் வரைந்தேன். தேறினேன்.

இடம் கிடைத்த செய்தி வந்த அன்று, என்ன வரைந்தாய் என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"நான் படுத்துக் கெடக்குறதையா நாலு பேருக்குக் காட்டி எடம் வாங்குன?"