பந்தயம் இல்லாத திங்கட்கிழமை

ஜூலை மாதத்தில் என்னை ஓரிடத்தில் உட்கார வைக்க முடியாது. பகலெல்லாம் குறுவை வயல். சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு வந்து டிவியைப் போட்டால் பிரான்ஸ் நாட்டுச் சைக்கிள் பந்தயம். மூன்று வாரம் நடக்கும். அநேகமாகத் தினமும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஓட்டுவார்கள். எல்லா நாளையும் கூட்டிப் பார்த்துக் குறைந்த நேரம் எடுத்தவனுக்கு மஞ்சள் சட்டை. பூதலூர்ப் பக்கத்தில் நெல் போடுகிறவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஆரம்பித்து வைத்தது என் கணவர். அவருக்கு வளைகுடாவில் வேலை. அவர் அறையில் யாரோ பார்க்க, இவரும் பார்க்க, பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். முதல் வருஷம் நான் வயல்களைத்தான் பார்த்தேன். ஹெலிகாப்டரிலிருந்து காட்டுவார்கள். எங்கே பார்த்தாலும் கோதுமை, சூரியகாந்தி. வரப்பில் ஓர் ஆள்கூடக் கிடையாது. இவர்களுக்கெல்லாம் யார் களை எடுக்கிறார்கள் என்று கேட்டு அவரைப் படுத்தி எடுத்தேன். அடுத்த வருஷம் எனக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. கடைசி மலை ஏற ஆரம்பித்ததும் நான் எழுந்துவிடுவேன். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடப்பேன். ஆரம்பத்திலேயே கூட்டத்தை விட்டு முந்திப்போய், எப்படியும் பின்னால் வரும் கூட்டத்திடம் பிடிபடப் போகிற நாலைந்து பேரை வாய்க்கு வந்தபடி திட்டுவேன்.

நான் டிவியிலும் அவர் அங்கே செல்போனிலுமாகப் பார்ப்போம். கூடவே போன் பேச்சும் ஓடும். அங்கே நெட் வேகம். அவருடைய படம் எப்போதும் கொஞ்சம் முந்தி ஓடும். அவர் "ஐயோ" என்ற பிறகுதான் என் டிவியில் ஆள் விழுவான். யார் ஜெயித்தான் என்பதும் எனக்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். இதற்காகவே எங்களுக்குள் எத்தனையோ சண்டை.

இந்த ஜூலையில் அவர் ஒரு நாள்கூட முந்திக்கொள்ளவில்லை. பரவாயில்லை, மனுஷன் திருந்திவிட்டார் என்றுதான் முதலில் சந்தோஷப்பட்டேன். போகப்போக உறுத்தியது. நான் கத்தினால் கத்தினார். நான் சிரித்தால் சிரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் நல்லபடியாக வந்து சேர்ந்த பிறகு, வேண்டுமென்றே ஒரு பொய் சொன்னேன்.

"மஞ்சள் சட்டைக்காரன் கடைசி வளைவுல விழுந்துட்டானே, பாத்தீங்களா?"

"ஆமா, பாத்தேன். பாவம்," என்றார்.

யாருமே விழவில்லை. மஞ்சள் சட்டைக்காரன் என் கண்ணெதிரே தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றான். பால் பொங்குகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலே இல்லை. மனதில் என்னென்னவோ தோன்றியது. அதையெல்லாம் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை, பந்தயக்காரர்களுக்கு ஓய்வு நாள். எங்களுக்கு அந்த நாள் ஆகாது. பேச ஒன்றும் இருக்காது. வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா, யூரியா கிடைத்ததா என்று கேட்பார், வருகிறது, கிடைத்தது என்பேன், வைத்துவிடுவோம். அன்று காலையில் நிலத்துக்காரர் வயலுக்கே வண்டியை விட்டுக்கொண்டு வந்தார். அடுத்த போகத்துக்குக் குத்தகை உண்டா இல்லையா என்று ஆடிப் பதினெட்டுக்குள் சொல்ல வேண்டுமாம். "வீட்டுக்காரரு திரும்பி வந்துடறாருன்னா நீங்களே வச்சுக்குங்க. இல்லேன்னா வேற ஆளுக்கு விட்டுடறேன்," என்றார். இத்தனை வருஷமாக அந்த நிலத்தில் சேற்றை மிதிப்பவள் நான். எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆனால் வீட்டுக்காரர் வருகிறாரா என்பது எனக்கும் தெரிய வேண்டியிருந்தது. இந்த ஒப்பந்தம் முடிந்தால் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் போயிருந்தார்.

சாயங்காலம் அவர் கூப்பிடும்வரை எனக்குப் பொறுமை இல்லை. நானே கூப்பிட்டேன்.

"நேத்து யாருமே விழலைங்க," என்றேன்.

அந்தப் பக்கம் ஏதோ லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரு மாதமாக அவருக்குச் சாயங்கால வேலை, கிடங்கு வாசலில். ஒரு காதில் என்னைக் கேட்டுக்கொண்டே வண்டிகளை உள்ளே விடுவாராம். வேலை முடிந்த பிறகுதான் யார் ஜெயித்தது என்று பார்ப்பாராம். ஒப்பந்தத்தை நீட்டித்தவர்களுக்குத்தான் அந்த வேலை. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பந்தயம் பார்க்கும்போது நான் சந்தோஷமாக இருக்கிறேனாம். அதைக் கெடுக்க மனசு வரவில்லையாம்.

கூடத்தில் நடந்துகொண்டே கத்தினேன். "எனக்குப் பந்தயமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீங்க இங்க இருக்கணும். எனக்கு நீங்க வேணும்."

"இதை நீ ஒரு தடவைகூடச் சொன்னதில்லையேம்மா," என்றார்.

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு தடவை அவர் கிளம்பும்போதும் பாஸ்போர்ட்டை எடுத்தாச்சா என்றுதான் கேட்டிருக்கிறேன். ஊறுகாயை எண்ணெய் கசியாமல் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மற்றதெல்லாம் அவருக்கே தெரியும் என்று நினைத்திருந்தேன். அவரோ, சம்பாதித்து அனுப்பினால் போதும், இவள் சமாளித்துக்கொள்வாள் என்று நினைத்திருக்கிறார். இத்தனை வருஷமும் இரண்டு பேரும் ஊர் பேர் தெரியாத சைக்கிள்காரர்களுக்காக உருகி உருகிப் பேசியிருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை காலையில் நிலத்துக்காரருக்குப் போன் போட்டேன். வீட்டுக்காரர் வரவில்லை, வயலைப் பார்ப்பது நான்தான், இனிமேலும் நான்தான் என்றேன். இழுத்தார். குரலை உயர்த்தினேன். சரி என்றார்.

அன்று பெரிய மலை. டிவியைப் போடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போட்டேன். அவர்கள் பாதி மலை ஏறியிருந்தபோது போன் வந்தது. யார் முன்னால் போகிறான் என்றுதான் கேட்கப் போகிறார் என்று, எரிச்சலாகவே எடுத்தேன். அவர் பந்தயத்தைப் பற்றிக் கேட்கவில்லை. போட்ட கையெழுத்தை வாபஸ் வாங்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டாராம். முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கதவைத் திறக்காமல் நிற்கிறார் என்று புரிந்தது.

"நேத்து கடைசியா ஒண்ணு சொன்னியே," என்றார். "அதை இன்னொரு தடவை சொல்லு."

டிவியை நிறுத்திவிட்டுச் சொன்னேன்.