அட்டைகளை வாசித்த பெரியவர்

போன வருடம் மாசி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். லண்டன் லூயிஷாமில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கும் நூலகத்தில் இலவசமாக ஒரு கொரியப் படம் போட்டார்கள். கொரிய நாடகங்களே கதியென்று கிடக்கும் என் மகள், அந்த மொழியின் எழுத்துகளைக்கூடத் தானாகவே படித்துவிட்டாள். அவளுடைய கரைச்சல் தாங்காமல்தான் போனேன்.

போரில் பிரிந்துபோன குடும்பங்களைப் பற்றிய படம். இடையில் பழைய உண்மைக் காட்சிகளைச் சேர்த்திருந்தார்கள். ஒரு பெரிய கட்டடத்தின் முன்னால், தொலைந்த உறவுகளின் பெயர்களை அட்டைகளில் எழுதிப் பிடித்தபடி சனம் நிற்கிறது. அந்த நேரம் பார்த்து, முன்வரிசையில் இருந்த கொரியப் பெரியவர் ஒருவர் வாய்விட்டு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எரிச்சலில் அவருடைய தோளைத் தட்டி, சத்தம் போடாமல் இருக்கும்படி கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன். அவர் சட்டென்று அடங்கிப்போனார்.

மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மா, அவர் கதைக்கேல்லை. அந்தப் பெயருகளை வாசிக்கிறார்."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

படம் முடிந்ததும் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் கோபிக்கவில்லை. தானும் அந்தக் கூட்டத்தில் நாள்கணக்காக நின்றவர் என்று மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். சிறுவயதில், வடக்கிலிருந்து ஓடி வரும் வழியில் தங்கையைத் தவறவிட்டாராம். முப்பது வருடத்துக்குப் பிறகு, முன்பின் தெரியாத ஒரு பெண் அவருடைய அட்டையை வாசித்துவிட்டு, தன்னுடைய பக்கத்து வீட்டுக்காரியிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான் தங்கை!

"அதனால் எந்த அட்டையையும் நான் வாசிக்காமல் விடுவதில்லை" என்று சிரித்தார்.

என்னால் சிரிக்க முடியவில்லை. இலங்கையில் போர் முடிந்த நேரம் காணாமல்போனவர்களில் எங்கள் தம்பியும் ஒருவன். மன்னாரில் இருக்கும் என் அக்கா, மற்றப் பெண்களோடு சேர்ந்து அவனுடைய படத்தைப் பிடித்தபடி இன்றைக்கும் தெருவோரம் நிற்கிறார். "ஆர் பாக்கினம் அக்கா? விட்டிட்டு வீட்டில இருங்கோ" என்று நத்தார் பண்டிகைக்குப் போன் எடுத்தபோது சொல்லியிருந்தேன். அதன்பிறகு அக்கா என்னோடு கதைக்கவில்லை.

மறுநாள் பூசை முடிந்து, தேவாலய வாசலில் நின்றபடியே அவருக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, நான் சொன்னது பிழை. தம்பியின்ர பெயரையும் பெரிசா எழுதி வச்சிருக்கிறியளோ?"

"ஓம், எழுதிக் கிடக்கு. நீயும் ஒருக்கா வந்து பிடி. எனக்குக் கை உளையுது" என்றார்.

ஆவணி விடுமுறைக்குப் போய், நாலு நாள் அக்காவோடு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு தாய், "லண்டனில இருந்தோ வந்தனீங்கள்? என்ர பிள்ளையையும் ஒருக்கா பாருங்கோ" என்று, அடியில் பெயர் எழுதியிருந்த படத்தை நீட்டினார். அந்தப் பிள்ளையின் பெயரை வாய்விட்டு வாசித்தேன்.

தம்பி இன்னும் வரவில்லை. ஆனால் காத்திருப்பதைப் பைத்தியம் என்று நினைத்த நான், இப்போது அக்காவோடு சேர்ந்து காத்திருக்கிறேன்; அது வாய்மூடிக் கிடந்த அத்தனை வருடங்களையும்விட ஆறுதலாக இருக்கிறது.